தவிட்டுக்கு வாங்கியது

எங்கள் மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தேழு. குரு சீடரை "ஐயா" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் நேரே போய்ச் சீடர் காலில் விழுவார்கள். அவரும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் காலை இழுத்துக்கொள்வார்.

நான் செங்கமலம். மடத்தில் சமையல். குருவிடம் உட்கார்ந்து நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை, எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் அடுப்படி ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

மடம் மலையடிவாரத்தில், ஓடைக்கு இந்தக் கரையில் இருக்கிறது. வடக்கே ஏறினால் கன்னடம். மேற்கே இறங்கினால் மலையாளம். கிழக்கே ஆட்டுக்கிடை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. குரு அன்னக்கொடியம்மா முன்பு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "மாட்டுக்கு ஊசி போட்டேன். அது என்கிட்ட ஒரு கேள்வியும் கேட்கலை. அது பிடிச்சுப்போச்சு" என்பார்.

சீடர் பேராசிரியர் வேதரத்தினம். ஆறு மொழி தெரியும். ஆறு மொழியிலும் கோபம் வரும்.

அவர் வந்தது குருவைத் தேடி இல்லை, நாயைத் தேடி. இந்தப் பக்கத்துக் கிடைகளில் மட்டும் இருக்கிற ஒரு நாய். நீளக் கால், ஒட்டின வயிறு, சிறுத்தை வந்தாலும் பின்வாங்காது. தவிட்டான் என்று பெயர். ஒரு காலத்தில் கிடைக்கு நாலு இருந்ததாம். நான் மடத்துக்கு வந்தபோதே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பேராசிரியர் வந்த வருஷம் இந்த அடிவாரத்தில் குட்டி போடுகிற வயதில் மிஞ்சியிருந்த பெட்டை ஒன்றே ஒன்று. அது எங்கள் மடத்துச் சாம்பி.

நாய்களின் பெயரைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் இருந்து தவிட்டானைப் பற்றிக் குறிப்பு எடுத்துப் போகிறேன் என்று வந்தார். இரண்டு வருஷம் ஆயிற்று. புத்தகமும் முடியவில்லை, அவரும் போகவில்லை.

நான் கீரை ஆய்கிற நேரம் பார்த்துத் தாள்களோடு வந்துவிடுவார்.

"செங்கமலம், கேள். தமிழில் தவிட்டான். கன்னடத்தில் தவுடு நாயி. தெலுங்கில் தவுடு குக்க. மலையாளத்தில் தவிட்டுப் பட்டி. நாலு மொழியிலும் தவிடு! இதற்கு என்ன அர்த்தம்?"

"நாலு ஊர்லயும் தவிடு இருக்குன்னு அர்த்தம்."

"நிறம்! தவிட்டு நிறம். ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரனே தன் நோட்டில் பிரவுன் டாக் என்று எழுதி வைத்திருக்கிறான். இதை ஒப்புக்கொள்ளாமல் ஒருத்தன் பதினோரு வருஷமாக என்னோடு மல்லுக்கட்டுகிறான். தவிடு தின்று வளர்ந்ததால் தவிட்டானாம். தீனியாம்! அவன் மூஞ்சி."

குரு அப்போது வாசலில் நின்றிருந்தார்.

"சாம்பி சாம்பல் நிறமாச்சே, ஐயா?"

"அது விதிவிலக்கு, அம்மா."

"கிடையில இருக்கிற கடுவன் கறுப்பு."

"அதுவும் விதிவிலக்கு."

நான் என் ஆயுளில் பார்த்த தவிட்டான் மொத்தம் ஆறு. அதில் ஐந்து விதிவிலக்கு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நிறமும் இல்லை, தீனியும் இல்லை சார். தவிட்டுக்கு வாங்கின நாயா இருக்கும்!"

இது எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுகிற பேச்சுத்தானே? என் அண்ணனும் என்னை அப்படித்தான் சொல்லுவான். 'நீ எங்கம்மா பெத்ததில்லடி, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.' நானும் ஓவென்று அழுதுவிட்டு, அரை மணியில் அவன் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிடுவேன்.

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. தாள்களை வாரிக்கொண்டு எழுந்தார்.

"இந்த மாதிரித் தெருப்பேச்சு என் முன்னால் வேண்டாம்!"

அன்றைக்கு முழுக்கச் சாப்பிட வரவில்லை. ரசம் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆறு மொழி படித்த மனுஷனுக்கு ஒரு கேலி தாங்கவில்லையே. குருவிடம் போய்ப் புலம்பினேன்.

"அவருக்கு அந்த இடத்துல வலிக்குது போல" என்றார் குரு.

*

சாம்பி முதல் ஈற்றில் ஐந்து போட்டாள். ஒன்றரை மாதத்தில் ரத்தக் கழிச்சல் வந்து ஐந்தும் போயிற்று. இரண்டாவது ஈற்றில் நாலு. ஊசி போட்டோம். ஊசி பிடிப்பதற்கு முந்தி நோய் பிடித்துக்கொண்டது. நாலையும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம். கொட்டகையைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், பிளீச்சிங் பவுடரைக் கொட்டினோம்.

மூன்றாவது ஈற்றில் மறுபடி நாலு. சாம்பிக்கும் வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஈற்று என்று குரு சொல்லிவிட்டார். நான் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தேன். பேராசிரியர் ராகிக் கூழில் பால் ஊற்றித் தன் கையாலேயே ஊட்டினார். குட்டிகள் அவர் தாளைக் கடித்தால்கூடத் திட்டமாட்டார்.

ஆறாவது வாரம் ஒரு குட்டி வாந்தி எடுத்தது. இரண்டு நாளில் மூன்று குட்டி காலி.

மிஞ்சியது ஒரு பெட்டைக்குட்டி. சந்தன நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு கூடைக்குள் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது போனால் தவிட்டான் வம்சம் அதோடு சரி. மறுபேச்சே இல்லை.

மூன்றாவது குட்டியைப் புதைத்துவிட்டு வந்த காலையில் பேராசிரியர் மண் ஒட்டின கையோடு குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் பதிப்பகத்தின் கடிதம்.

"அம்மா, கடைசி அத்தியாயத்தைக் கேட்கிறார்கள். இந்த இனமே போகப்போகிறது. பெயராவது மிஞ்சட்டும். இந்தப் பெயருக்கு என்னதான் பொருள்? நீங்களாவது சொல்லுங்கள்."

மிஞ்சின குட்டி தங்குமா என்று தெரியவில்லை, இவருக்குப் பொருள் வேண்டுமாம் பொருள்!

குரு கூடையைப் பார்த்தார். பிறகு பேராசிரியரைப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் குட்டியை விற்கிறேன். வாங்கிக்கிறீங்களா?"

"என்ன?"

"ஒரு படி தவிடு. அதுதான் விலை."

பேராசிரியர் முகம் மறுபடி சிவந்தது. "அம்மா, நீங்களுமா?" என்றார்.

"நான் விற்கிறவ. நீங்க வாங்குறீங்களா, இல்லையா?"

"செங்கமலம், தவிடு கொண்டு வா" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"விற்கிற வீட்டுத் தவிடு செல்லாது" என்றார் குரு. "வெளியில போய் நீங்களே கேட்டு வாங்கிட்டு வரணும். அங்கேயே எங்கயாவது குளிங்க. புது வேட்டி கட்டுங்க. செருப்பு வேண்டாம். முன்வாசல் வழியா வராதீங்க. ஓடைக்கு அந்தப் பக்கமா வந்து நில்லுங்க. குட்டியை அங்கே தருவேன்."

"இதெல்லாம் எதற்கு?"

"வழக்கம்."

"நான் இந்த வழக்கத்தை எல்லாம் நம்புகிறவன் இல்லை, அம்மா."

"நம்ப வேண்டாம் ஐயா. செய்யுங்க."

அவர் குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. எழுந்து போய்விட்டார்.

ரைஸ்மில் இரண்டு மைல். மில்காரம்மா எனக்குப் பிறகு சொன்னாள். இவ்வளவு பெரிய மனுஷர் வெறுங்காலோடு வந்து தவிடு கேட்கிறாரே என்று, "மாட்டுக்கா சாமி?" என்று கேட்டாளாம். "நாய்க்கு" என்றாராம். "நாய் தவிடு திங்காதே?" என்றாளாம். "திங்கிறதுக்கு இல்லை, வாங்குறதுக்கு" என்றாராம். மில்காரம்மா உடனே படியைத் தலைதட்டாமல் அளந்து கொடுத்திருக்கிறாள். "நல்லா இருக்கட்டும் சாமி, பொழைச்சுக்கும்" என்றிருக்கிறாள். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

நடு மதியம் அவர் அக்கரையில் வந்து நின்றார். மில்லில் குளித்த தலை, கஞ்சி மொடமொடப்போடு புது வேட்டி, கையில் தவிட்டு மூட்டை. குரு குட்டியை வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிப்பாட்டி, புதுத் துண்டில் சுற்றி, கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு போனார். ஓடை நடுவில் ஒரு பாறை. அதன் மேல் குட்டியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். பேராசிரியர் வந்து தவிட்டை வைத்தார், குட்டியை எடுத்தார்.

"நாற்பத்தெட்டு நாள்" என்றார் குரு. "அந்தக் கரையில இருக்கிற மோட்டார் ரூம்ல இருங்க. உங்க கையால தீனி போடுங்க. எங்க வீட்டு ஆள் ஒருத்தரும் தண்ணி தாண்டி வரமாட்டோம். நீங்களும் இங்கே வரக்கூடாது. இனி அது உங்க குட்டி. எங்களுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டுத் தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்க்கவேண்டுமே! இல்லை. கட்டிப்போட்டிருந்த சாம்பி கொட்டகையில் ஊளையிட்டாள். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

*

சோற்றுத் தூக்கை நான் பாறை மேல் வைத்துவிட்டு வருவேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். இக்கரையில் இருந்து நானும் அக்கரையில் இருந்து அவரும் கத்திக் கத்திப் பேசுவோம்.

ஏழு நாள் குட்டி நன்றாக இருந்தது. எட்டாவது நாள் காலையில் அவர் குரல் மடம் வரைக்கும் கேட்டது.

"அம்மா! வாந்தி எடுக்கிறது! வாங்க!"

குரு ஓடைக்கரைக்கு ஓடினார். தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"வரமாட்டேன் ஐயா. டாக்டருக்குப் போன் பண்றேன். அந்தப் பக்கத்து ரோடு வழியா வருவார்."

"அம்மா, வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! குட்டி செத்துப்போகும்!"

"நான் வந்தாத்தான் செத்துப்போகும்."

எனக்குக் குருவைப் பிடித்து ஓடைக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது. என்ன கல்மனசு!

டாக்டர் வந்தார். கை கால் கழுவிவிட்டு உள்ளே போனார். முதல் ஊசியைப் போட்டார். தோலுக்கு அடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று சொல்லி, பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டார். பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்து அறியாத கை. ஊசியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்குங்க ஐயா!" குரு கத்தினார். "கூடாரத்துக்குள்ள குத்துங்க! கண்ணை மூடாதீங்க!"

"மூடவில்லை!"

"மூடியிருக்கீங்க!"

மூன்று நாள் அப்படிப் போயிற்று. மூன்று நாளும் நான் வைத்த தூக்கு திறக்காமலே திரும்பி வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் சோறு வைக்கப் போனபோது அவர் அக்கரையில் மடியில் குட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்பூனால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தார்.

"செங்கமலம், நீ அன்றைக்குச் சொன்னாயே. என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்."

நான் தூக்கைப் பாறையில் வைத்துவிட்டு நின்றேன்.

"எனக்கு முன்னால் நாலு பிள்ளை. ஒன்றும் தங்கவில்லை. எனக்கு வீட்டில் வைத்த பெயர் தவிட்டுராசு. சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் 'தவிட்டுக்கு வாங்கின பயலே' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது கேலி. எனக்கு அது நிஜம் என்று தோன்றிவிட்டது. ஏன் தெரியுமா? தெருக்கோடியில் தைலம்மை என்று ஒரு பூக்காரம்மா இருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி என்னைப் பார்க்க வருவார்கள். 'எம்புள்ள' என்று கன்னத்தை வழிப்பார்கள். என் அம்மா அவர்களுக்குப் புதுச்சேலை கொடுப்பாள். இவள்தான் என்னைப் பெற்றவள், தவிட்டுக்கு என்னை விற்றவள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வந்தால் ஓடி ஒளிந்துகொள்வேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினெட்டு வயதில் பெயரை மாற்றிக்கொண்டேன். அம்மா செத்தபோதுகூட நான் கேட்கவில்லை."

சொல்லிவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்தார். குட்டி அதை நக்கவில்லை. தண்ணீர் தாடை வழியாக ஒழுகியது.

நான் என் வாய்க்கொழுப்பை நினைத்து நினைத்து அன்றைக்கு முழுக்க அழுதேன்.

நாலாம் நாள் விடிந்து, நான் இட்லிக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கரையில் ஒரு சத்தம். முதலில் யாரோ அழுகிறார்கள் என்று நினைத்தேன். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குருவும் ஓடி வந்தார்.

பேராசிரியர் மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார். வேட்டி எல்லாம் கறை. தலைக்கு மேலே இரண்டு கையாலும் குட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் மூக்கில் கூழ் அப்பியிருந்தது. வால் இப்படியும் அப்படியும் அடித்தது.

"தின்னுடுச்சு! கிண்ணத்தையே கவிழ்த்துடுச்சு! செங்கமலம், பார்! தவிட்டுக்கு வாங்கினவ! இவ நான் தவிட்டுக்கு வாங்கினவ!"

எந்தப் பேச்சைக் கேட்டு அன்றைக்கு ரசத்தைத் தொடாமல் போனாரோ, அதே பேச்சு. மலை எதிரொலிக்கிற மாதிரி கத்தினார். கத்தக் கத்த அவர் குரல் உடைந்தது. சட்டென்று நிறுத்தினார். குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ அம்மா" என்றார், எங்களைப் பார்த்து இல்லை. "தைலம்மை என்னை விற்கவில்லையே. அவர்கள் என்னை வாங்கியவர்களாச்சே! நான் தங்கவேண்டும் என்று விற்றது என் அம்மா அல்லவா!"

*

அதன் பிறகு குட்டி வளர்ந்த வேகத்தைச் சொல்லவேண்டுமா? இருபதாம் நாள் மோட்டார் ரூம் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கியது. முப்பதாம் நாள் அவர் மூக்குக்கண்ணாடி போயிற்று. புத்தகத்தின் கடைசி அத்தியாயமும் போயிற்று. "நல்ல வேளை, தப்பாகத்தான் எழுதியிருந்தேன்" என்று அவர் இக்கரைக்குக் கேட்கச் சிரித்தார்.

ஆனால் குரு ஒரு நாள்கூடக் குட்டி எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னாலும், "அது ஐயா குட்டி. நமக்கென்ன?" என்பார். எனக்கு அதுதான் ஆறவே இல்லை. போதாக்குறைக்கு அவர் சேலையைத் துவைக்கிற வேலை வேறு. தினமும் சேலைக்கரை முழுக்க ஒட்டுப்புல். அந்த முள்ளு முள்ளான விதையைப் பிடுங்கிப் பிடுங்கி என் நகக்கண் நொந்துபோயிற்று.

"எங்கே போய் இதை அப்பிக்கிட்டு வர்றீங்க? மடத்துல ஒரு இடத்துலயும் ஒட்டுப்புல் கிடையாதே!"

"நடக்கிறப்ப ஒட்டியிருக்கும்" என்பார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் பார்த்தால் அக்கரையில் கூட்டம். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. வடக்கே இருந்து சிக்கண்ணா, மேற்கே இருந்து குஞ்ஞிராமன், கிழக்குக் கிடையில் இருந்து ஓபுலேசு. மூன்று பேருமே ஆடு மேய்க்கிறவர்கள், பரம்பரையாகத் தவிட்டான் வைத்திருந்தவர்கள். ஆளுக்கு ஒரு சின்னத் துணிமூட்டை கொண்டுவந்திருந்தார்கள். அவிழ்த்தால் எல்லாம் தவிடு.

"இது எதற்கு?" என்றார் பேராசிரியர்.

"பொழைச்ச குட்டியைப் பார்க்க வெறுங்கையோட வருவாங்களா?" என்றார் சிக்கண்ணா. "எங்க பக்கத்துல ரெண்டு ஈத்து செத்துதுன்னா மூணாவதை வித்துருவோம். ஒரு பிடி தவிட்டுக்கு. வாங்குறவங்க தண்ணிக்கு அந்தாண்ட இருக்கணும்."

"எங்களுக்கும் அதே" என்றார் குஞ்ஞிராமன்.

"எங்க தாத்தா காலத்துல ஒரு நாயும் பிறந்த கிடையில வளர்ந்ததில்லை" என்றார் ஓபுலேசு. "எல்லாம் வித்து வாங்கினதுதான். அதனாலதானே தவுடு குக்க."

பேராசிரியர் அவர்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இரண்டு வருஷமாக உங்கள் மூன்று பேர் வீட்டுக்கும் வந்தேனே! அவரவர் மொழியிலேயே கேட்டேனே! ஏன் சொல்லவில்லை?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓபுலேசு தலையைச் சொறிந்தார்.

"நீங்க அச்சடிச்ச தாள் கொண்டுவந்தீங்க சாமி. 'நிறமா, தீனியா, டிக் போடு'ன்னீங்க. ரெண்டுல ஒண்ணுதான் இருந்தது. நாங்க ஒண்ணுல போட்டோம்."

பேராசிரியர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷர் தன்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பதினோரு வருஷமாகச் சண்டை போட்ட அந்த இன்னொருத்தருக்கு அன்றைக்கே கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். 'நீயும் தோற்றாய், நானும் தோற்றேன், நாய் ஜெயித்தது.' அவ்வளவுதான் கடிதம்.

டாக்டரும் வந்திருந்தார். குட்டியைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், கடைசி ஊசியைப் போட்டார். "இது தப்பியது பெரிய விஷயம். அந்த நோய்க்கிருமி மண்ணிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும். செருப்பில், சேலையில், கையில் ஒட்டிக்கொண்டு வரும். குட்டியை அந்த மண்ணில் இருந்து தூக்கினதுதான் காப்பாற்றியது" என்றார். "இனிப் பயம் இல்லை, ஊசி பிடித்துவிட்டது. எங்கே வேண்டுமானாலும் விடலாம். யார் சொல்லித்தந்த யோசனை?"

எல்லாரும் குருவைப் பார்த்தோம். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். கல்மனசு என்று நினைத்தவளாயிற்றே.

குரு அன்று பாறைக்கு நடந்தார். அவர் கையில் ஒரு படி தவிடு. பேராசிரியர் கொடுத்த அதே மூட்டை, அவிழ்க்கவே இல்லை.

"திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன் ஐயா. அதுதான் முறை. பெற்ற வீடு விலை கொடுத்து வாங்கிக்கணும். அப்புறம் அதை ஒருத்தரும் கொண்டுபோக முடியாது."

பேராசிரியர் குட்டியைக் குனிந்து பார்த்தார். அது இப்போது அவர் முழங்கால் உயரம். கொடுக்க மனசில்லாமல் நின்றார். பிறகு மூட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போ" என்றார் குட்டியிடம்.

இக்கரையில் நான் சாம்பியை அவிழ்த்துவிட்டேன். குட்டி ஓடைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. சாம்பி பாதி ஓடையில் எதிர்ப்பட்டாள். அப்பப்பா, அந்தக் குதியாட்டம்! தண்ணீர் எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. சிக்கண்ணா கன்னடத்தில் சீழ்க்கை அடித்தாரா மலையாளத்தில் குஞ்ஞிராமன் கூவினாரா தெரியவில்லை, மூன்று மொழியும் ஒரே கூச்சலாகக் கலந்துவிட்டது. நானும் என்னவோ கத்தினேன். தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது.

"குட்டிக்கு என்ன பெயர்?" என்று டாக்டர் கேட்டார்.

"தைலம்மை" என்றார் பேராசிரியர். "இனி எனக்கும் பழைய பெயர்தான். புத்தகத்தில் தவிட்டுராசு என்று போடச் சொல்லப்போகிறேன்."

எல்லாரும் இக்கரைக்கு வந்து, பொங்கல் சாப்பிட்டு, கை கழுவிய பிறகும் அவர் மட்டும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். குரு போய்ப் பக்கத்தில் நின்றார். நான் தூக்கை எடுக்கப் போகிற சாக்கில் போனேன்.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"வாங்கினவன் பாடு எனக்குத் தெரிந்துவிட்டது. விற்றவள் பாடுதான் தெரியவில்லை. பிள்ளையைத் தெருக்கோடியில் கொடுத்துவிட்டு, நாற்பத்தெட்டு நாள் எங்களுக்கும் அதற்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒருத்தியால் எப்படி அம்மா இருக்க முடியும்?"

அவர் எந்தத் தாயைக் கேட்கிறார் என்று எனக்கே புரிந்தது.

குரு குனிந்தார். சேலைக் கரையில் இருந்து எதையோ பிடுங்கினார். பேராசிரியரின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். ஒட்டுப்புல் விதை ஒன்று.

நான் நிமிர்ந்து இக்கரையைப் பார்த்தேன். ஓடை ஓரத்துப் புளியமரம். அதன் பின்னால் இடுப்பளவு வளர்ந்த ஒட்டுப்புல், நடுவில் ஒருவர் நின்று நின்று மிதித்துப் படிந்த இடம். அங்கிருந்து பார்த்தால் மோட்டார் ரூம் வாசல் நேராகத் தெரியும்.

"திரும்பிப் பார்க்கலைன்னு யார் சொன்னது ஐயா?" என்றார் குரு.